உஸ்தாத் அப்துல் கரீம் கானும் தர்பாரி ராகமும்

சென்னை எழும்பூரில் வண்டியேறித் தெற்கே போகாதவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களில் மிகச் சிலரே இருப்பார்கள். கடையநல்லூரோ, தென்காசியோ, இராமநாதபுரமோ, எந்த ஊர்ப் பூர்வீகமாக இருந்தாலும் தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு வருவதற்குச் சற்று முன் சிங்கப்பெருமாள்கோவில் என்ற சிறிய இரயில் நிலையத்தைக் கடந்தாக வேண்டும். விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் நிலையம் பின்னால் போய்விடும்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், புதன்கிழமை. நோன்பு பிறக்கப் பத்து நாளளவே இருந்தது. அன்று இரவு அந்த நிலையத்தின் மேடையில், ஊரும் உறவும் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்க, வட இந்தியாவின் மாபெரும் பாடகர் ஒருவர் வஃபாத்தானார். அவர்தான் உஸ்தாத் அப்துல் கரீம் கான். இசை உலகம் அறிந்த அந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் மூதாதையர் நடந்த மண்ணில், கலிமாவோடு முடிந்த வாழ்க்கை அது. பொன்விழா மலரில் அவருக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது பொருத்தம் என்று தோன்றியது.

கான் சாகிப் 1872 நவம்பர் 11ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள கைரானா என்ற ஊரில் பிறந்தார். தந்தை காலே கான். தந்தையிடமும், தந்தையின் சகோதரர் அப்துல்லா கானிடமும் பாட்டுக் கற்றார். தலைமுறை தலைமுறையாகப் பாட்டும் சாரங்கியும் அந்தக் குடும்பத்தின் தொழில். சாரங்கி வில்லால் இழைக்கும் நரம்புக் கருவி. வயலினுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு சுரங்களுக்கு நடுவே நின்று அசையவும் செய்யலாம். கான் சாகிபின் பாட்டைப் புரிந்துகொள்ள இந்தக் கருவியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தொண்டையால் சாரங்கி வாசித்தவர் அவர்.

இளமையிலேயே பரோடா அரசவையில் பாடகரானார். அங்கே அரச குடும்பத்தோடு உறவுடைய சர்தார் மாருதிராவ் மானே என்பவரின் மகள் தாராபாயிடம் மனம் பறிகொடுத்தார். அரண்மனை வட்டாரம் ஒப்பவில்லை. இருவரும் பரோடாவை விட்டு வெளியேறினார்கள். பம்பாய், மிரஜ், பூனா என்று வாழ்க்கை நகர்ந்தது. ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள்.

மிரஜ் இன்று மகாராஷ்டிர மாநிலத்தில் சாங்கிலிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே ஹஜ்ரத் மீரா சாகிப் தர்கா இருக்கிறது. தம்பூராவும் சித்தாரும் செய்யும் கைவினைஞர்கள் வாழும் தெருவும் இருக்கிறது. இந்தியா முழுவதும் மிரஜ் தம்பூராவுக்குத் தனி மதிப்பு. கான் சாகிபுக்கு வேண்டிய இரண்டும் ஒரே ஊரில் கிடைத்தன. அதனால்தானோ என்னவோ, எங்கே போனாலும் கடைசியில் அங்கேதான் திரும்பினார்.

1910களில் பூனாவில் ஆரிய சங்கீத வித்யாலயா என்ற இசைப் பள்ளியைத் தொடங்கினார். கைரானாவில் பிறந்த ஒரு முஸ்லிம் உஸ்தாத் தம் பள்ளிக்கு இப்படிப் பெயர் வைத்ததும், அதில் பல சமூகத்துப் பிள்ளைகள் வந்து பயின்றதும் அந்தக் காலத்து நிலைமையைச் சொல்லும். வீட்டிலேயே வித்தையைப் பூட்டி வைத்துக்கொள்ளும் பரம்பரைகள் மலிந்திருந்த நாளில், வெளியாருக்குக் கதவு திறந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

இல்லறம் நிலைக்கவில்லை. 1922இல் தாராபாய் பிரிந்து போனார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனதோடு அவர்களின் பெயர்களையும் மாற்றினார். அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார். சம்பாகலி ஹீராபாய் பரோடேகர் ஆனார். சகீனா சரஸ்வதி ராணே ஆனார். அப்பாவின் பெயர் பிள்ளைகளின் பெயரில் இல்லாமற் போயிற்று. ஆனால் மூவரும் பாடகர்களாகவே வளர்ந்தார்கள். ஹீராபாய் இந்தியா முழுதும் புகழ் பெற்றார். அவர்களின் பாட்டில் தகப்பனின் பாணி அப்படியே இருந்தது. பெயரை மாற்றிக்கொள்ளலாம், குரலில் ஊறியதை என்ன செய்ய?

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். மைசூர் மகாராஜாவின் அரசவைக்கு அவர் அடிக்கடி அழைக்கப்பட்டார். போகும் வழியில் தார்வாரில் தங்குவார். அப்போது அங்கே அவரிடம் கற்றவர்தான் பின்னாளில் சவாய் கந்தர்வா என்று பெயர்பெற்ற ராம்பாவ் குந்த்கோல்கர். அவருடைய சீடர்கள் கங்குபாய் ஹங்கலும், 2008இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட பீம்சேன் ஜோஷியும். சிறு பையனாக இருந்தபோது கான் சாகிபின் இசைத்தட்டைக் கேட்டு, அந்தப் பாட்டைப் பாடியே தீர வேண்டும் என்று வீட்டை விட்டு ஓடிப்போனவர் பீம்சேன் ஜோஷி. கான் சாகிபின் உறவினரும் நேர் மாணவியுமான ரோஷன் ஆரா பேகம் பாகிஸ்தானில் இசையரசியாகக் கொண்டாடப்பட்டார். நாடு இரண்டான பிறகும் அவருடைய பாணி எல்லைக்கு இரு பக்கமும் ஒலித்தது.

தெற்கே வந்த வடநாட்டுப் பாடகர்கள் பாடிவிட்டுப் பரிசு வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். கான் சாகிப் உட்கார்ந்து கேட்டார். தார்வாரில் கங்குபாயின் தாயார் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடுவதைக் கேட்பதற்காகவே அவர்கள் வீட்டுக்குப் போவார். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீட்டுக்கும் போனார். தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றைக் கற்று இசைத்தட்டிலும் பாடினார். சுரங்களின் பெயரைச் சொல்லியே கற்பனையாகப் பாடும் நம் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொண்டு போய்த் தம் கியால் பாட்டில் சேர்த்தார். இன்று வடநாட்டுக் கச்சேரிகளில் ச ரி க ம என்று பாடகர் அடுக்கும்போது, அதில் தமிழகத்து வாசனை கொஞ்சம் இருக்கிறதென்று சொன்னால் பெருமைக்காகச் சொன்னதாகாது.

அவருடைய பாணிக்குப் பிறந்த ஊரின் பெயரால் கிரானா கரானா என்று பெயர். அதில் சுரம்தான் முதல். தாளத்தின் ஜாலமும் வேகமும் பிறகு. ஒரு சுரத்தைப் பிடித்தால் அதன் தேன் முழுவதையும் எடுக்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. இசைத்தட்டில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் கிடைக்கும். அந்த நெருக்கடியிலும் அவர் அவசரப்படுவதில்லை. ஜிஞ்ஜோட்டி ராகத்தில் அவர் பாடிய தும்ரி மிகப் பிரபலம். தேவதாஸ் இந்திப் படத்தில் சைகலும் அதைப் பாடினார். மெல்லிய, உயர்ந்த, சற்றே மூக்கொலி கலந்த குரல் கான் சாகிபுடையது. முதன்முறை கேட்பவருக்கு, இவ்வளவு பெரிய வித்வானுக்கு இவ்வளவு மெலிந்த குரலா என்றுகூடத் தோன்றும். இரண்டாம் முறை கேட்டால் அந்தக் கேள்வி எழாது.

இந்த மெலிந்த குரல்காரர் தம் கடைசி மூச்சில் எடுத்தது தர்பாரி ராகம். கனத்த குரல்களுக்கே உரியது என்று பேர்போன ராகம் அது. ஏன் அதை எடுத்தார் என்று விளங்க வேண்டுமானால், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கீத ஞானம் இல்லாதவர்களும் பயப்படாமல் தொடர்ந்து வாசிக்கலாம்.

தர்பாரி கானடா என்பது முழுப்பெயர். அக்பர் பாதுஷாவின் தர்பாரில் தான்சேன் பாடி நிலைபெறச் செய்தார் என்பது செவிவழி மரபு. அந்தத் தான்சேன் குவாலியரில் ஹஜ்ரத் முஹம்மது கௌஸ் அவர்களின் தர்காவுக்குப் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். கானடா என்ற சொல் கர்நாடம் என்பதன் திரிபு. ஆக, தெற்கின் பெயரைச் சுமந்துகொண்டு வடக்கே தர்பார் ஏறிய ராகம் இது.

சுரங்களைச் சொன்னால், கர்நாடக சங்கீதத்தின் நடபைரவி மேளத்தில் வரும் அதே ஏழுதான். வடக்கே ஆசாவரி தாட் என்பார்கள். காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் கீழ்நிலைச் சுரங்கள். ஆனால் சுரங்களின் பட்டியல் ராகம் ஆகிவிடாது. அரிசியும் இறைச்சியும் நெய்யும் ஒன்றாக இருந்தும் ஒரு வீட்டுப் பிரியாணி மற்றொரு வீட்டுப் பிரியாணி ஆகாததைப் போலத்தான் இது. இதே ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு அடாணா என்று இன்னொரு ராகம் இருக்கிறது. அது மேல் ஸ்தாயியில் துள்ளி விளையாடும். தர்பாரியோ கீழே இறங்கி, ஆழத்தில் நடக்கும். பாடகர் ஆதார சட்ஜத்தில் நின்று, மேலே ஏறாமல், கீழ் ஸ்தாயியின் நிஷாதம், தைவதம், பஞ்சமம் என்று முதலில் இறங்குவார். அங்கேயே வெகுநேரம் இருப்பார். பொறுமையில்லாதவர்களுக்கு, எப்போதுதான் பாட்டு தொடங்கும் என்று கேட்கத் தோன்றும். அந்த ஆழத்தில் இருப்பதே பாட்டு.

இறங்கும்போது படிப்படியாக நேரே இறங்காது. மேல் சட்ஜத்திலிருந்து தைவதத்துக்குப் போய், நிஷாதத்துக்குத் திரும்பி, அதன் பிறகே பஞ்சமத்துக்கு வரும். காந்தாரத்திலும் அப்படியே: காந்தாரம், மத்தியமம், பிறகு ரிஷபம், சட்ஜம். ஒரு அடி பின்வாங்கி யோசித்துவிட்டு அடுத்த அடி வைக்கும் முதியவரின் நடை. ரிஷபமும் பஞ்சமமும் தங்கி இளைப்பாறும் இடங்கள். ராகத்தின் உயிர் என்று சொல்வது காந்தாரத்தை. அது அசையாமல் நிற்கக்கூடாது. ரிஷபத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்து சாய்ந்து, ஊஞ்சல் போல ஆட வேண்டும். ஆந்தோலனம் என்பார்கள். தைவதத்துக்கும் இதே அசைவு உண்டு. மேலும், அந்தக் காந்தாரம் ஆர்மோனியத்தில் உள்ள கட்டைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆர்மோனியத்தில் எத்தனை வருஷம் தேடினாலும் அது கிடைக்காது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது.

நம் விழாக்களில் ஆர்மோனியம் இல்லாத இஸ்லாமிய கீதக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தக் கட்டைப் பிரச்சினையில் கான் சாகிபுக்கே ஒரு பங்கு உண்டு. தேவல் என்பவரும், கிளமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியும் இந்திய இசையின் இருபத்திரண்டு சுருதிகளை அளந்து பார்க்க முயன்றபோது, பாடிக்காட்டி உதவியவர் அவர்தான். அந்த நுண்ணிய சுருதிகள் பேசும்படி ஒரு தனி ஆர்மோனியமும் செய்தார்கள். 1916இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் அதன்மீது பெரிய விவாதமே நடந்தது. கருவி நிலைக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அந்தக் காந்தாரத்தை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது என்று கான் சாகிபின் தொண்டை முன்பே சொல்லிவிட்டது.

நம் வீடுகளில் தர்பாரி ஏற்கெனவே குடியிருக்கிறது, பெயர் தெரியாமல். 1952இல் வந்த பைஜு பாவ்ரா படத்தில் நௌஷாத் இசையில் முகம்மது ரபி உலகைக் காப்பவனிடம் முறையிடும் பாட்டு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது தர்பாரி. மௌனம் சம்மதம் படத்தில் இளையராஜா இசையில் யேசுதாசும் சித்ராவும் தேன்நிலவைப் பாடும் பாட்டு இளையவர்களுக்குத் தெரியும். அதுவும் தர்பாரியின் சாயலே. முறையீட்டுக்கும் காதலுக்கும் ஒரே ராகம் எப்படிப் பொருந்தும்? இரண்டிலும் பாடுகிறவர் தம்மைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் தாழ்ந்து நிற்கிறார் என்பது என் எண்ணம். வேறு விளக்கம் உள்ளவர்கள் சொல்லட்டும். இந்த ராகத்துக்கு உரிய நேரம் இரவு, அதுவும் ஆழ்ந்த இரவு. தெருச் சத்தம் அடங்கி, மனிதன் தன்னோடு தனியாக இருக்கும் நேரம்.

இப்போது மீண்டும் அந்த இரயில் மேடைக்குப் போவோம்.

1937 அக்டோபரில் கான் சாகிப் சென்னைக்கு வந்திருந்தார். வயது அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேரியிலிருந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் பாடுவதற்கு அழைப்பு வந்திருந்தது. சீடர்களோடு தென்னிந்திய இரயில்வே வண்டியில் புறப்பட்டார். வழியில் நெஞ்சு வலித்தது. வலி கூடவே, சிங்கப்பெருமாள்கோவிலில் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள். ஒரு சிற்றூரின் சிறு நிலையத்தில், இரவில் என்ன உதவி கிடைத்திருக்கும்? மேடையிலேயே விரிப்பைப் போட்டார்கள்.

கான் சாகிப் தமக்கு நேரம் வந்துவிட்டதென்று உணர்ந்துகொண்டார். தொழுதார். பிறகு தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொன்னார். தர்பாரி ராகத்தில் கலிமாவைப் பாடினார். பாடியபடியே உயிர் பிரிந்தது.

சக்கராத் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். நாவு குழறும், மூச்சு முட்டும். ஒரு தடவையாவது அந்த வாக்கியம் வாயில் வந்துவிட வேண்டுமே என்று வீடே தவிக்கும். தாயையோ தகப்பனையோ அப்படி அனுப்பிவைத்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். கான் சாகிபுக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார், தமக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது சரியில்லை. இசை நம் மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்பதில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. நாகூர் ஹனிபாவின் பாட்டு ஒலிக்காமல் திருமணம் நடக்காத வீடுகளும் உண்டு. கருவி ஓசை கேட்டால் எழுந்துபோகும் பெரியவர்களும் உண்டு. தர்காக்களைப் பற்றியும் இப்படியே. நாம் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டின் பெயரிலேயே கராமத்து என்ற அரபுச் சொல் மலாய் வழியாக உட்கார்ந்திருக்கிறது. இருந்தும் வாதம் ஓய்ந்தபாடில்லை. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கலிமாவைத் தம்பூராவோடு பாடலாமா என்று கேட்கிறவர்களிடம் வாதாடவும் மாட்டேன். ஆனால் அந்த மனிதர் முதலில் தொழுதார் என்பதையும், வாழ்நாள் முழுதும் ராஜாக்களுக்கும் சபைகளுக்கும் பாடிய வாய் கடைசியில் யாருடைய பெயரைச் சொல்லி அடங்கியது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஏன் தர்பாரி? அவருக்கு மனப்பாடமாக எத்தனையோ ராகங்கள் இருந்தன. பைரவி அவர் குரலுக்கென்றே பிறந்தது என்பார்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன். இரவு நேரம், அது ஒன்று. நெஞ்சு வலிக்கிறவனால் மேல் ஸ்தாயிக்கு ஏற முடியாது. கீழேயே தங்கிப் பாடும் ராகம்தான் அவனுக்குத் தோது, அது இரண்டு. மூச்சு குறைந்தால் வேகமான பிருகாக்கள் வராது. ஒரு சுரத்தில் நின்று மெல்ல அசைவது வரும். பலம் எல்லாம் போன பிறகும் மிச்சம் இருக்கும் ராகம் அது. மேலும், தர்பாரி என்றால் அரசவைக்கு உரியது. பரோடா தர்பார், மைசூர் தர்பார் என்று பல தர்பார்களைப் பார்த்தவர் அவர். அன்று அவர் நிற்கப் போன தர்பார் எதுவென்று நமக்குத் தெரியும்.

அவருடைய ஜனாஸா மிரஜில் அடக்கம் செய்யப்பட்டது, அவர் நேசித்த மீரா சாகிப் தர்காவின் எல்லையிலேயே. ஆண்டுதோறும் அங்கே உரூஸை ஒட்டி அவர் நினைவாக இசை விழா நடக்கிறது. முஸ்லிமும் இந்துவுமாகப் பாடகர்கள் வந்து அவருடைய கபுறுக்குப் பக்கத்தில் இரவு முழுதும் பாடுகிறார்கள். தம்பூரா செய்யும் தெரு இன்றும் அதே ஊரில் இருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள், எழும்பூரில் ஏறிப் படுக்கையை விரிப்பதற்கு முன், ஒரு மணி நேரம் போல ஜன்னலோரம் விழித்திருங்கள். தாம்பரம் போகும், கூடுவாஞ்சேரி போகும், மறைமலைநகர் போகும். அடுத்து வரும் பெயர்ப்பலகை அதுதான். வண்டி நிற்காது. அவருக்காக ஒரு பாத்திஹா ஓத நேரம் இருக்கும்.